கழற்றாத குழாய்

மேகம் இறங்கி நிற்கிற நாட்களில்தான் வலைக்காரியின் புருஷன் வீட்டுக்கு வருவான்.

ஆளாக இல்லை. செத்தவன் எப்படி ஆளாக வருவான்? வாசனையாக வருவான். அவள் குளத்திலிருந்து ஏறி, சேலையைப் பிழிந்துகொண்டே பின்கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்தால், உள்ளறையில் சுட்ட மருந்தின் வாசனை நிற்கும். கரிந்த வெடிமருந்து, அதோடு உருகின பிளாஸ்டிக், எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் எண்ணெய். உயிரோடு இருந்த காலத்தில் காவல் முடிந்து வந்தால் அவன் சட்டைக் கையில் இருக்குமே, அதே வாசனை. ஈரச் சேலையோடு அலமாரிக்கு எதிரே இருக்கிற மரப்பெட்டியில் உட்கார்ந்துகொள்வாள். "வந்துட்டீங்களா" என்பாள். பிறகு அன்றைக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்குவாள். எந்தக் குளத்தில் மீன் மேலே வந்தது, எவள் வழுக்கி விழுந்தாள், மேஸ்திரி யாரைத் திட்டினான். சொல்லி முடிப்பதற்குள் வாசனை மெலிந்துவிடும். அப்புறம்தான் சேலை மாற்றுவாள்.

அவள் மீன் பண்ணையில் வலை பின்னுகிறவள், கிழிந்ததைத் தைக்கிறவள். அதனால் வலைக்காரி என்றே பேர் நிலைத்துவிட்டது. வெயில் இல்லாத நாளில் அவளுக்கு வேறு வேலை. மேகம் மூடிவிட்டால் குளத்துத் தண்ணீருக்கு மூச்சு முட்டும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடிக்கும். அப்போது பெண்கள் எல்லாரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூங்கில் கழியால் அடித்து அடித்துத் தண்ணீரைக் கலக்க வேண்டும். விட்டால் சாயங்காலத்துக்குள் குளம் முழுக்க வெள்ளை வயிறாக மிதக்கும். இந்தச் சங்கதி நீர்க்காகத்துக்கும் தெரியும். மேகம் வந்தால் அதுவும் வந்துவிடும், அழைப்பு வைத்த மாதிரி, குடும்பத்தோடு. வானத்தைப் பார்த்துச் சுட்டு அதைக் கலைக்க ஒரு காவல்காரன் வேண்டும். அவள் புருஷன் அந்தக் காவல்காரனாக இருந்தான்.

அவன் துப்பாக்கிக்கு வாயில் ஒரு குழாய் உண்டு. விரல் நீள எஃகுக் குழாய், உள்ளே திருகிப் போடுவது. சோக் என்பார்கள். குண்டுமணிகள் கண்டபடி சிதறாமல் சேர்ந்து போகும்படி வாயைக் கொஞ்சம் இறுக்கிக் கொடுப்பது அதுதான். வெடித்துப் போகிற கரி, ஈயம், தோட்டாவுக்குள் இருக்கிற பிளாஸ்டிக் கிண்ணத்தின் தேய்ச்சல் எல்லாம் கடைசியில் வந்து அப்புகிற இடமும் அதுதான். சுட்டு வந்தால் அதைக் கழற்றி ஊறவைத்துத் தேய்த்து, திருகு மரைக்கு மசகு தடவித் திரும்பப் போட வேண்டும். இல்லாவிட்டால் குளத்தங்கரை ஈரத்துக்கு அது குழலோடு குழலாகத் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். அந்த வீட்டில் வேலை பிரித்து வைத்திருந்தார்கள். நீளக்குழலைத் துடைப்பது அவன். குழாயைத் தேய்ப்பது அவள். "உன் கைக்கு வலை ஊசி பழக்கம், மரைக்குள்ள இருக்கிற அழுக்கு உனக்குத்தான் பயப்படும்" என்பான். இரண்டு பேரும் வாசலில் எதிரெதிராக உட்கார்ந்து செய்வார்கள். சண்டை போடுவதும் அப்போதுதான், சமாதானம் ஆவதும் அப்போதுதான்.

அவன் போன அன்றைக்கும் மேகம்தான். அன்றைக்குப் பறவை அதிகம், வெடியும் அதிகம். வந்தவன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான்.

"தோள் வலிக்குது புள்ள. குழாயை அப்புறம் கழட்டலாம். கொஞ்சம் படுத்துக்கறேன்."

படுத்தவன் படுத்தவன்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் அந்தத் துப்பாக்கியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். தேய்க்கவில்லை. அந்தக் கரி அவன் கடைசியாகச் சுட்ட கரி. லைசென்ஸ் மகள் பேருக்கு மாறியபோது ஆபீஸில் காட்டச் சொன்னார்கள். அவளே கொண்டுபோய்க் காட்டி, சுற்றின துணியோடு திரும்பக் கொண்டுவந்து பூட்டினாள். சாவி முந்தானை முடிச்சில் இருக்கும். தண்ணீரில் இறங்குகிற நாள் மட்டும் சமையலறை ஆணியில் தொங்கும்.

காவல் வேலை கொழுந்தனுக்குப் போயிற்று. அவனைப் பண்ணையில் தகரம் என்பார்கள். சின்ன வயதில் டின்னைத் தட்டிப் பறவை விரட்டினவன். இப்போது பழைய துப்பாக்கி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடப்பான். நடப்பான் என்பதும் மரியாதைக்குச் சொல்வது. ஈரக்காற்று அடித்தால் நெஞ்சு இழுத்துக்கொள்ளும், நாலு எட்டு வைத்து ஒரு தரம் குந்துவான்.

அந்தக் கொழுந்தன்தான் ஒரு மத்தியானம் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பேச்சை எடுத்தான்.

"அண்ணி, துப்பாக்கி ரிப்பேர்க்காரரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

"உன் துப்பாக்கிக்கா? நல்லதுதான். கொக்குகூட அதைப் பார்த்துச் சிரிக்குது."

"அதுக்கில்ல. அண்ணனோடதுக்கு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். மகள் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை எதுக்கு?"

"எனக்கு நெஞ்சு முடியல அண்ணி. அடுத்த மேகத்துக்கு நான் வரப்பேறினா, நீங்க எல்லாரும் மீனை விட்டுட்டு என்னைத்தான் தூக்கணும். பொண்ணு காவலுக்குப் போகட்டும். மேஸ்திரிகிட்ட பேசிட்டேன், சரின்னுட்டான்."

"போகட்டுமே. உன்னோடதைக் கொடு."

"என்னோடது கிழடு அண்ணி. என்னை மாதிரியே இருமும், சுடாது."

"பறவையைக் கலைக்கப் போறவளுக்கு வெடிச் சத்தம் கேட்டாப் போதும். பட்டாசு வாங்கிக் கொடு. டின்னைக் கொடு. நீ தட்டினியே, அவளும் தட்டட்டும்."

"நீர்க்காகத்துக்கு டின்னு தாலாட்டு அண்ணி. பக்கத்துல வந்து உட்கார்ந்து கேட்குது."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பார்த்த பார்வையில் அதை விழுங்கினாள்.

"அம்மா, பூட்டியே வெச்சிருந்தா வாய்க்குழாய் துருவேறிடும்மா. அப்பா இருந்தா விடுவாரா?"

"அப்பா இருந்தா!" வலைக்காரி எழுந்துவிட்டாள். "அப்பா வரார்டி. உங்களுக்குத் தெரியாது. மேகம் போட்டா வரார். அந்தக் குழாயைக் கழட்டித் தேய்ச்சுட்டா அப்புறம் எது மேல வருவார்? சொல்லு. எது மேல வருவார்?"

கொழுந்தனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. நினைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவர்கள் முகத்தில் இருந்தது அது இல்லை. கடையில் பொருளை உடைத்துவிட்டு நிற்கிறவர்களின் முகம் அது.

மறுநாள் ரிப்பேர்க்காரர் பையோடு வந்தார். வயதான மனிதர், காது மந்தம், அதனால் மற்றவர்களும் செவிடு என்று நினைத்துக் கத்திப் பேசுவார். வலைக்காரி இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பார்க்கட்டும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அப்படியே கொடுத்துவிடலாம், கழற்றாமல். சாவியை முடிச்சிலிருந்து அவிழ்த்துத் தானே திறந்தாள்.

அவர் துப்பாக்கியை மடித்துத் தோட்டா இல்லை என்று முதலில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பின்பக்கமாகக் கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்த்துக் குழலைத் திருப்பினார்.

"குழல் கண்ணாடி மாதிரி இருக்கே! பூட்டி வெச்ச துப்பாக்கின்னு சொன்னீங்க? யாரு துடைச்சது?"

"அண்ணன் கை," என்றான் கொழுந்தன் அவசரமாக. "அவன் துடைச்சா அப்படித்தான் இருக்கும்."

ரிப்பேர்க்காரர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். முன்வாயைத் தடவினார். பையிலிருந்து குழாய் கழற்றுகிற சாவியை எடுத்து, குழாயின் வெட்டுகளில் பொருத்தித் திருகினார். அசையவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினார். அசையவில்லை.

"பிடிச்சிருச்சு. அம்மா, இதை இப்படியே சுட்டா ஆபத்து. ஈரம் பின்னால போய் உட்கார்ந்துக்கிட்டு இருக்கு. குழாயோட பின்விளிம்பு கொஞ்சம் தூக்கிக்கிட்டாப் போதும். உள்ளேயிருந்து வர்ற மணி அத்தனையும் அதுல முட்டும். குழல் வாய் கிழிஞ்ச குடை மாதிரி விரியும். முன்னால பிடிச்சிருக்கிற கை போயிடும். முகம் பக்கத்துல இருந்தா முகமும் போயிடும்."

"கழட்டாம ஒண்ணும் பண்ண முடியாதா?"

"என்னது?"

"கழட்டாம!"

"ஏம்மா கத்தறீங்க, காது கேட்குது. முடியாது. வேணும்னா பூட்டி வெச்சுப் பூ போட்டுக் கும்பிடுங்க. சுடக் கூடாது."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் இடதுகை விரல்களை வலதுகையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பூட்டி வைக்கலாம். வைத்தால் அவன் வருவான். ஆனால் நெஞ்சு முட்டின கொழுந்தனும் வெறுங்கையோடு நிற்கிற மகளும் வரப்பில் என்ன செய்வார்கள்? காவல் போனால் இந்தப் பண்ணை வீடும் போகும்.

"எண்ணெய் விடுங்க," என்றாள் கடைசியில். "ஆனா நான்தான் கழட்டுவேன். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

ரிப்பேர்க்காரர் ஊடுருவுகிற எண்ணெயைக் குழாயின் விளிம்பில் சுற்றிலும் விட்டு, மரச்சுத்தியால் மெள்ளத் தட்டித் தட்டிக் கொடுத்து, துப்பாக்கியை வாய் கீழாக ஒரு கிண்ணத்தில் நிறுத்திவிட்டுப் போனார். காலையில் வருகிறேன், அதுவரை யாரும் முறுக்காதீர்கள் என்றார்.

காலையில் அவர் வந்ததும் அவள் தயாராக உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தில் எண்ணெய் காப்பி நிறத்தில் வடிந்திருந்தது. குழலை ரிப்பேர்க்காரர் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் சாவியைப் பொருத்தினாள். அசையவில்லை. வலையில் சிக்கு எடுக்கும்போது செய்கிற மாதிரி, இழுக்காமல், கொஞ்சம் உள்பக்கம் முறுக்கி, பிறகு வெளிப்பக்கம் முறுக்கினாள். இன்னும் கொஞ்சம் உள்ளே. இன்னும் கொஞ்சம் வெளியே. கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. எலி மிதிபட்ட மாதிரி. அதன் பிறகு மரை விட்டது.

கையில் வந்து விழுந்தது குழாய். கனமாக, எண்ணெய் வழவழப்போடு. அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். அவனேதான். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, தேய்ப்பதற்கு முன்னால் எப்போதும் செய்கிற மாதிரி, பழக்கத்தில், சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுற்றினாள்.

விரல் கறுப்பாக வந்தது.

அவள் விரலையே பார்த்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். கறுப்பு குழைந்தது, மை மாதிரி பரவியது. எண்ணெய்கூடப் படாத உள்பக்கம் இது. ஆறின கரி இப்படி வராது. நாள்பட்ட கரி கல்லாகிவிடும், பித்தளைப் பிரஷ் போட்டால்தான் பொருக்கு பொருக்காக உதிரும். விரலில் வருகிற கரி சுட்டுச் சில நாள் ஆன கரி. இத்தனை வருஷம் தேய்த்தவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மெத்தென்ற கறுப்புக்கு அடியில் பிளாஸ்டிக் நாடா நாடாக உரிந்தது. அதற்கும் அடியில்தான் அசையாத பழைய பொருக்கு.

கொழுந்தனுக்கு இருமல் வந்துவிட்டது.

"இருமாத தம்பி," என்றாள். "யாரு?"

ரிப்பேர்க்காரர் ஒன்றும் காதில் விழாதவர் மாதிரி பையில் எதையோ தேடினார்.

"நான்தாம்மா," என்றாள் மகள்.

"எப்பலேர்ந்து?"

"சித்தப்பா துப்பாக்கியில தோட்டாவை இடிக்கிற ஊசி எப்பவோ உடைஞ்சு போச்சும்மா. சும்மா தோள்ல போட்டுக்கிட்டு நடக்கறாரு. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். மேகம் போட்ட நாள்ல மட்டும் நான் எடுத்துட்டுப் போவேன்."

"அப்ப நான் தண்ணியில நின்னுக்கிட்டுக் கேட்ட வெடியெல்லாம்?"

"நான்தான். கடைசிக் குளத்து மேட்டுலேர்ந்து."

"சாவி... ஆணி." அவளே சொல்லி அவளே தலையாட்டிக்கொண்டாள். "குழலைத் துடைக்கத் தெரிஞ்சவளுக்கு இதைக் கழட்டித் தேய்க்கத் தெரியாதா?"

"தெரியும். கழட்டினா நீ கண்டுபிடிச்சுடுவேன்னு முதல்ல விட்டேன்." மகள் தரையைப் பார்த்துப் பேசினாள். "முதல் தடவை எடுத்துட்டுப் போய் வெச்ச அன்னிக்கு நீ உள்ள வந்து உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தே. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். அன்னிக்கு நீ சோறு மறுபடி கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டேம்மா. அப்பா போனதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான். அப்புறம் எப்படி கழட்டுவேன்?"

ரிப்பேர்க்காரர் கையை நீட்டினார். குழாயை வாங்கித் துணியால் பின்விளிம்பைத் துடைத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு இந்த முறை கத்தாமல் பேசினார்.

"இங்க பாருங்கம்மா."

விளிம்பில் முடி மாதிரி ஒரு கீறல். கீறலின் ஒரு பக்கம் உள்ளே தூக்கியிருந்தது, நகம் பெயர்ந்த மாதிரி. அந்த இடம் மட்டும் பளபளவென்றிருந்தது. மணிகள் ஏற்கனவே அதில் உரசிக்கொண்டு போயிருக்கின்றன.

"இன்னும் எத்தனை வெடி தாங்கும்?"

"சொல்ல முடியாதும்மா. நிறையவும் தாங்கலாம். அடுத்ததுக்கே விட்டுடலாம். அது அதோட இஷ்டம்."

வலைக்காரி மகளின் இடதுகையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள், மீன் முள் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. தன் கைக் கரி மகள் விரலெல்லாம் ஒட்டியது.

"செத்தவர் வரார்னு கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்டி. எவ்வளவு வாசனையோ அவ்வளவு சந்தோஷம். இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும்னு..." கையை ஓங்கி மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். பலமாகத்தான் வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுக்கவில்லை.

"என்னையும் ஒண்ணு வையுங்க அண்ணி," என்றான் கொழுந்தன்.

"உனக்கு வெச்சா மூச்சு நின்னுடும். அந்தப் பாவம் வேறயா எனக்கு?"

ரிப்பேர்க்காரர் பையிலிருந்து அதே அளவில் வேறொரு குழாயை எடுத்தார். குழலுக்குள் மரையைத் துடைத்துப் பார்த்து, இது பிழைத்தது, புதுக் குழாய் போடலாம் என்றார். பழையதை வாங்கிப் பைக்குள் போடப் போனார்.

"அதைக் கொடுங்க," என்றாள் வலைக்காரி.

"இது இனி உதவாதும்மா."

"கொடுங்க."

வாசலில் உட்கார்ந்தாள். தகர டப்பாவில் கரைப்பானை ஊற்றிக் குழாயை அதில் மூழ்க வைத்தாள். கறுப்பு புகை மாதிரி கரைப்பானுக்குள் இறங்கியது. ஊறவிட்டாள். பிறகு எடுத்துப் பித்தளைப் பிரஷை உள்ளே விட்டு, இழுத்து, திருப்பி, மறுபடி விட்டாள். முதலில் மகள் சுட்டதெல்லாம் வந்தது, குழம்பாக. பிறகு பிளாஸ்டிக் சுருள் சுருளாக. கடைசியில் அடிப்பொருக்கு. அதற்குத்தான் நேரம் ஆயிற்று. மேலே இருந்ததைத் தேய்த்த வேகம் அதற்கு வரவில்லை. ஒவ்வொரு பொருக்காக விடுவித்தாள். பழைய பல் பிரஷால் மரை வரிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தாள்.

"உதவாத குழாய்க்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு?" என்று ரிப்பேர்க்காரர் கேட்டார்.

அவள் பிரஷைக் கீழே வைத்தாள். சுத்தத் துணியால் உள்ளும் வெளியும் ஈரம் போகத் துடைத்தாள். எண்ணெய் ஒரு துளி விட்டு மெல்லத் தேய்த்துவிட்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே வெள்ளி மாதிரி இருந்தது. மோந்தாள். எண்ணெய் மட்டும்தான் மணந்தது. டப்பாவில் இருந்த கறுப்புத் தண்ணீரை அவளே தூக்கிக்கொண்டு போய், குளத்துப் பக்கம் போகாமல், வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி ஊற்றி மண்ணைத் தள்ளினாள். திரும்பி வந்து புதுக் குழாயின் மரைக்கு மசகு தடவி, கையாலேயே கடைசி வரை திருகி, சாவியால் ஒரு முறுக்கு மட்டும் வைத்து, துப்பாக்கியை மகளிடம் கொடுத்தாள்.

"சுட்டு வந்ததும் அப்படியே அலமாரியில வெச்சுடக் கூடாது. குழாய் என் கைக்கு வரணும்."

"சரிம்மா."

"அலமாரிக்கு இனிமே ரெண்டு சாவி. உனக்கொண்ணு, எனக்கொண்ணு. திருட்டுத்தனம் வேணாம்."

பழைய குழாய் சமையலறை ஆணியில், சாவி தொங்கின இடத்தில், நூல் கட்டித் தொங்கியது.

அதன் பிறகு தொடர்ந்து வெயில். வெயிலில் எல்லாருக்கும் வேலை சுலபம், அவளுக்கு மட்டும் கை ஓடவில்லை. வலைக் கண்ணை மாற்றிப் பின்னிவிட்டு மறுபடி பிரிப்பாள். சோறு ஒரு தரத்தோடு சரி. வாசனை மகளுடையது என்று தெரிந்த பிறகு உள்ளறைக்கு அவள் போவதே துணி எடுக்க மட்டும்தான். மரப்பெட்டியில் உட்காருவதில்லை. அங்கே இத்தனை நாள் யாரிடம் பேசினோம் என்று நினைத்தால் காது மடல் சுட்டது.

பிறகு ஒரு காலையில் மேகம் இறங்கியது. காற்று அசையவில்லை. குளங்கள் ஈயத் தகடாகக் கிடந்தன. மகள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசிக் குளத்து மேட்டுக்குப் போனாள். கொழுந்தன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேஸ்திரியின் கொட்டகையில் உட்கார்ந்து, பறவை வருகிற திசையைக் கையால் காட்டிக்கொண்டிருந்தான். வலைக்காரி தண்ணீரில் இறங்கி அடிக்கத் தொடங்கியதும் அவள் கழி நடுவில் பிளந்துவிட்டது. வேறு கழி வீட்டுச் சுவரில் சாய்த்திருந்தது. கரையேறி, சேலையைப் பிழிந்துகொண்டே ஓடிவந்தாள்.

பின்கதவைத் தள்ளிக் காலை உள்ளே வைத்தாள். நின்றுவிட்டாள்.

உள்ளறையில் சுட்ட மருந்தின் வாசனை.

அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே துணி மட்டும் மடித்து இருந்தது. துப்பாக்கி மேட்டில் இருக்கிறது. மகள் இன்னும் ஒரு வெடிகூடப் போடவில்லை. பறவை இன்னும் வரவில்லை. ஆணியில் தொங்கின பழைய குழாயை எட்டி எடுத்து மோந்து பார்த்தாள். எண்ணெய். வெறும் எண்ணெய். அதைப் பிடித்துக்கொண்டே உள்ளறைக்குள் போனாள். வாசனை அங்கேதான் நின்றது. கரிந்த மருந்து, உருகின பிளாஸ்டிக், அதோடு அவன் போன பிறகு வந்த இத்தனை மழைக்காலத்தில் அவள் ஒரு தரம்கூட மோந்திராத ஒன்று. ஈரச் சட்டைக்குள் உழைத்து ஓய்ந்த ஒரு தோளின் வேர்வை.

மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். ஈரம் பலகையில் பரவியது. தூரத்தில் பெண்கள் தண்ணீரை அடிக்கிற சத்தம் கேட்டது. அதற்கு மேல், கடைசிக் குளத்துப் பக்கமிருந்து, முதல் வெடி எழுந்து மேகத்தில் முட்டி உருண்டது. நீர்க்காகங்கள் கத்திக்கொண்டு கலைந்தன. இரண்டாவது வெடி. நன்றாக இருந்தது சத்தம். பிசிறில்லாமல், ஒரே வாயாக.

அவள் எழுந்தாள். தகர டப்பா, கரைப்பான், பித்தளைப் பிரஷ், பழைய துணி எல்லாவற்றையும் எடுத்து வாசலில் வைத்தாள். தான் உட்காருகிற இடத்துக்கு எதிரே கொஞ்சம் இடம் விட்டு வைத்தாள். சுவரோரம் இருந்த கழியைக் கையில் எடுத்துக்கொண்டு, குளத்துக்குத் திரும்பும் முன் உள்ளறைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நீங்க படுத்துக்குங்க," என்றாள். "குழாயை நான் கழட்டிக்கறேன்."